வாப்பாட ரிப்போர்ட்டும் எங்கட வெட்டுப்புள்ளியும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அறுபது தாண்டிய உம்மா வாப்பா இருக்கிறவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் சகோதரங்கள் நாலு பேரும் குடும்பக் குரூப்பில் ரெண்டு நாள் கதைத்தோம். "வீட்டு விசயத்த ஊருக்குச் செல்ற என்னத்துக்கு?" என்று ராத்தா கேட்டார். கடைசியில் வாப்பாவிடமே கேட்டோம். இடது கையைத் தூக்கி, எழுது என்று காட்டினார். அதனால் எழுதுகிறோம்.

வாப்பாவுக்கு இப்ப எழுபத்திநாலு வயது. 2019இல் ஒரு மாரடைப்பு வந்தது. அல்லாஹ்வின் உதவியால் தப்பினார். அன்றிலிருந்து மாதக் கிளினிக், கிளினிக் கொப்பி, ஒரு பை நிறையக் குளிசை. அதில் இரவில் போடுகிற ஒன்று அட்டோவஸ்டட்டின் 40. கொலஸ்ட்ரோல் குளிசை என்று வீட்டில் பெயர். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்பத்திரியில் இல்லை என்றால் பாமசிகளில் அலைந்து, கூடின விலைக்கு வாங்கி, ஒரு இரவும் தவற விடாமல் கொடுத்தோம். தட்டுப்பாட்டில் நிற்காத அந்தக் குளிசை, ஒரு நல்ல ரிப்போர்ட் வந்த அன்றுதான் நின்றது.

போன வருசம் நோன்புக்கு முன்னால் ஒரு லெப்பில் ரத்தம் கொடுத்தோம். மொத்தக் கொலஸ்ட்ரோல் 148. எச்டிஎல் 38. ட்ரைகிளிசரைட் 140. எல்டிஎல் 82. பக்கத்தில் இருக்கிற நிரலில் 200க்குக் கீழ், 130க்குக் கீழ், 150க்குக் கீழ் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. எச்டிஎல் மட்டும் கொஞ்சம் குறைவு. மற்ற எல்லாம் எல்லைக்குள். நாங்கள் என்ன செய்தோம்? தவணைப் பரீட்சை விடைத்தாளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம். 35 எடுத்தால் பாஸ் என்கிற கணக்கில், 130க்குக் கீழ் 82, சூப்பர் பாஸ். குரூப்பில் படத்தைப் போட்டோம். கட்டாரில் இருக்கிற தம்பி குரல் பதிவு அனுப்பினார்: "எல்லாம் நோமல் தானே, மறுகா என்னத்துக்கு குளிசையக் குடுத்து ஈரலப் பழுதாக்குற?" எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாப்பாவுக்குக் கெண்டைக்கால் நோவு வேறு இருந்தது. அது இந்தக் குளிசையால் வருகிற நோவு என்று யாரோ பள்ளியில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தத்தில் ஒருவர் கருஞ்சீரக எண்ணெய் ஒரு போத்தல் கொண்டு வந்து தந்தார்.

யாருடைய முடிவு என்று இன்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட முடியாது. நாலு பேரும் தலையாட்டினோம். கிளினிக்கில் சொல்லவில்லை. அங்கே வழக்கம்போல் குளிசை தந்தார்கள். நாங்களும் வழக்கம்போல் வாங்கி வந்து அலுமாரியில் வைத்தோம். பிறகு பார்த்தபோது ஏழு மாதக் குளிசை அப்படியே இருந்தது. எத்தனையோ நோயாளிக்குப் போயிருக்க வேண்டிய மருந்து. அந்தக் கணக்குக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாவது மாதம் ஒரு நாள் ஸுபஹுக்கு வுளூச் செய்யப் போன வாப்பா பைப்படியில் நின்றபடியே இருந்தார். தண்ணீர் ஓடுகிறது, வலது கை அதை அள்ளவில்லை. "என்ன வாப்பா?" என்று உம்மா கேட்டதற்கு வந்த பதில் உம்மாவுக்கு விளங்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சீனி குறைந்திருக்கும் என்று தேத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தோம். இது நாங்கள் செய்த அடுத்த பிழை. விழுங்கத் தடுமாறுகிற ஆளுக்கு எதையும் குடிக்கக் கொடுக்கவே கூடாதாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். வாய் கோணினால், ஒரு கை தூக்க ஏலாவிட்டால், பேச்சுக் குழறினால், அந்த நிமிசமே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் தவணை. நாங்கள் விடிந்து எட்டு மணிக்குப் பிறகு ஓட்டோவில் கொண்டு போனோம். நேரம் போய்விட்டது.

வாட்டில் மூன்றாம் நாள் ஒரு டொக்டர் வாப்பாவின் கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "எல்லாக் குளிசையும் ஒழுங்காக் குடிச்சவரா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ராத்தாதான் சொன்னார். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அன்று எடுத்த ரிப்போர்ட்டையும் எங்கட பழைய ரிப்போர்ட்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதில் மொத்தம் 221, எல்டிஎல் 153.

"இந்த 153தான் உங்கட வாப்பாட சொந்தக் கணக்கு. அந்த 82 அவரோடதில்ல, குளிசையோடது" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரஷர் குளிசை குடித்துப் பிரஷர் இறங்கினால், பிரஷர் நோய் போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. கண்ணாடி போட்டு எழுத்துத் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை. கொலஸ்ட்ரோலுக்கு மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியாது.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த 82கூட வாப்பாவுக்குப் போதாதாம். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கிற எல்லை, வருத்தம் ஒன்றும் இல்லாத பொது ஆட்களுக்கு. மாரடைப்பு வந்த ஆளுக்கு எல்டிஎல் 70க்குக் கீழ் வர வேண்டும், ஐரோப்பிய டொக்டர்மார் 55க்குக் கீழ் என்றும் கேட்கிறார்கள். லெப்புக்கு வாப்பாவின் வரலாறு தெரியாது. மெஷின் ஒரு எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் ஆசிரியர் குடும்பம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், ஒரே இஸட் ஸ்கோரோடு ஒரு பிள்ளை மொனராகலையில் தெரிவாகும், கொழும்பில் ஆகாது என்று வருசா வருசம் பெற்றோருக்கு விளங்கப்படுத்துகிறோம். வாப்பாவுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, பக்கத்து வீட்டு ஆளுக்கு இன்னொரு வெட்டுப்புள்ளி என்பது எங்கட மண்டையில் ஏறவில்லை. இங்கே குறைய எடுத்தால்தான் பாஸ் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நிறுத்தினதால்தான் ஸ்ட்ரோக் வந்ததா என்று தம்பி கட்டாரிலிருந்து வீடியோ கோலில் அழுதுகொண்டே கேட்டார். டொக்டர் நேர்மையாகப் பதில் சொன்னார். ஒரு தனி ஆளில் இதனால்தான் என்று கை வைத்துச் சொல்ல ஏலாது, வயதும் பிரஷரும் சேர்ந்துதான் இருக்கின்றன என்றார். "ஆனா நிறுத்தினது கூடாத வேல" என்றும் சொன்னார். இரண்டையும் அப்படியே எழுதுகிறோம். எங்களுக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக முதலாவதை மட்டும் எழுத மனம் வரவில்லை.

கால் நோவுக்கு வருவோம். இந்தக் குளிசையால் சிலருக்குத் தசை நோவு வருவது உண்மைதான். அதற்கு வழி இருந்திருக்கிறது. கிளினிக்கில் சொல்லியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து தசை பாதித்திருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். தைரொயிட் குறைவாக இருந்தாலும் நோவு வரும், கொலஸ்ட்ரோலும் ஏறும், அதையும் பார்த்திருப்பார்கள். அளவைக் குறைத்திருப்பார்கள், அல்லது அதே வகையில் வேறு குளிசை தந்திருப்பார்கள். ஈரலுக்கும் அப்படியே, பெரும் சேதம் மிக அரிது, சந்தேகம் இருந்தால் பார்க்க டெஸ்ட் இருக்கிறது. இப்ப வாப்பாவுக்குக் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார்கள். கால் நோவு என்னவோ இன்னும் இருக்கிறது, அது முழங்கால் தேய்ந்த நோவாம்!

கருஞ்சீரகத்தைப் பற்றி யாரும் கொமண்டில் சண்டைக்கு வர வேண்டாம். அதில் ஷிபா இருக்கிறது என்பதில் எங்களுக்கு ஈமான் இருக்கிறது, இன்றும் வீட்டில் இருக்கிறது. டொக்டர் தந்த மருந்தை ஒளித்து வைத்துவிட்டு இதை மட்டும் குடி என்று மார்க்கம் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள். நாங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைத்தோம்.

இனி உம்மாவின் கதை. இதில்தான் ட்ரைகிளிசரைட் என்றால் என்ன என்று படித்தோம்.

வாப்பாவின் விசயத்தில் பயந்துபோய் உம்மாவுக்கும் ரத்தம் எடுத்தோம். உம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, பதினைந்து வருசமாகச் சீனி வருத்தம். ட்ரைகிளிசரைட் 486! எல்டிஎல் என்ற இடத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும். லெப்காரர்கள் கவனமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று ராத்தா கோல் எடுத்து ஏசியே விட்டார். பாவம், அவர்கள் மேல் பிழை இல்லை.

எல்டிஎல்லைப் பல இடங்களில் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் பிரித்து வருவதையும் கழித்தால் எல்டிஎல். வாப்பாவின் 148இலிருந்து 38 போனால் 110. 140ஐ ஐந்தால் பிரித்தால் 28. 110இலிருந்து 28 போனால் 82. ஆறாம் ஆண்டுப் பிள்ளை செய்கிற கணக்கு. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும், அதனால்தான் கோடு. அந்த நேரம் மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பார்ப்பார்களாம். உம்மாவுக்கு மொத்தம் 232, எச்டிஎல் 36, மிச்சம் 196. கூடாத கொழுப்பு எல்லாம் சேர்ந்த தொகை அது.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?" உம்மா ஒளிக்கவில்லை. ராவு கலியாண வீடு. நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், வட்டிலப்பம் ரெண்டு துண்டு. வீட்டுக்கு வரப் பதினொரு மணி. காலையில் ஏழரைக்கு லெப்பில் கை நீட்டியிருக்கிறார். எட்டரை மணித்தியாலம், அதுவும் கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு. பொதுவான கொலஸ்ட்ரோல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை என்று இப்போது நிறைய டொக்டர்மார் சொல்கிறார்கள், ட்ரைகிளிசரைட் இப்படி ஏறி வந்தால் மட்டும் பன்னிரண்டு மணித்தியாலம் தண்ணீரோடு இருந்து திரும்ப எடுக்க வேண்டுமாம். ஒரு கிழமை கழித்து அப்படி எடுத்தபோது 238. பாதியாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் 150க்கு மேலேதான்.

இந்த இடத்தில் எங்கட ஆட்களுக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் காலை எட்டு மணிக்கு லெப்புக்குப் போய், "நோன்போடதான் வந்திரிக்கன்" என்று ரத்தம் கொடுக்கிறோம். சஹர் சாப்பிட்டது நாலரைக்கு. லெப்பின் கணக்கில் அது சாப்பிட்டு மூன்றரை மணித்தியாலம்தான்! வெறும் வயிற்று டெஸ்ட் என்று டொக்டர் எழுதியிருந்தால் நோன்பு காலத்தில் எப்ப எடுப்பது என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. டெஸ்டுக்கு மூன்று நாளைக்கு முன்னால் இறைச்சியை நிறுத்தி, கோவா வறையும் இலைக்கஞ்சியுமாக இருந்துவிட்டு ரத்தம் கொடுப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராவு முழுக்கப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி. யாரை ஏமாற்றுகிறோம்? வழமையாகச் சாப்பிடுகிற சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் நடப்பது தெரியும்.

உம்மா இந்த 238ஐக் கேட்டதும் இறைச்சி, முட்டை, பாலாணம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். "கொழுப்பு எண்டா கொழுப்புச் சாமான்தானே" என்பது அவருடைய வாதம். மூன்று கிழமை வெறும் ரசத்தோடு சோறு. டொக்டர் சிரித்துவிட்டுக் கேட்டார், "பிளேன்டீ எத்தன?" ஒரு நாளைக்கு ஐந்து. ஒவ்வொன்றிலும் ரெண்டு கரண்டி சீனி. ஒவ்வொன்றோடும் ரெண்டு மாரி பிஸ்கட், அது வருத்தக்காரர் சாப்பிடுகிற பிஸ்கட் என்ற நம்பிக்கை. வாப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டு வந்த பேரீச்சம்பழம். ரசத்தோடு சாப்பிடுகிற சோற்றுக்கு அளவே இல்லை, ஏனென்றால் கறி இல்லையே.

ட்ரைகிளிசரைட் சாப்பிடுகிற எண்ணெயால் மட்டும் ஏறுவதில்லை. உடம்புக்குத் தேவைக்கு மேலாகப் போகிற சீனியையும் மாவையும் ஈரல் இந்தக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இன்னும் கூடும். உம்மாவின் மூன்று மாதச் சீனிக் கணக்கு, எச்பிஏ1சி என்று எழுதுவார்களே, அது 9.4. அதாவது ட்ரைகிளிசரைட் என்று நாங்கள் பயந்தது பாதிக்கு மேல் சீனியின் கதை. பாலாணமும் மாட்டுக் கொழுப்பும் கூடினால் முக்கியமாக எல்டிஎல் ஏறும், அதிலும் அளவு வேண்டும், அதற்காக மீனையும் முட்டையையும் விட்டுவிட்டு வெறும் சோற்றைக் கூட்டினால் ட்ரைகிளிசரைட் எப்படி இறங்கும்? சீனிக் குளிசையைச் சரிப்படுத்தி, தேத்தண்ணியை ரெண்டாக்கி, சீனி இல்லாமல், சோற்றைக் கோப்பையால் அளந்து, அஸருக்குப் பிறகு வீட்டு ஒழுங்கையில் ராத்தாவோடு அரை மணித்தியாலம் நடந்து, நாலு மாதத்தில் 164க்கு வந்தது. புதிதாக ட்ரைகிளிசரைட் குளிசை எதுவும் தரவில்லை. எண்ணிக்கை 500க்கு மேல், ஆயிரம் என்று போனால் கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது, அது வேறு விசயம், அதற்கு உடனே மருந்து வேண்டும்.

சீனி இல்லாத பிளேன்டீயை உம்மா இன்றும் மருந்து மாதிரித்தான் குடிக்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக மாமி. வாப்பாவின் மூத்த சகோதரி, எண்பத்திமூன்று வயது, எங்களோடுதான் இருக்கிறார். இந்த ஓட்டத்தில் அவரையும் விடவில்லை. மொத்தம் 215 என்று வந்தது. இனி ஒரு ஆளையும் இழக்க ஏலாது என்று நாங்கள் அவருடைய முட்டையை நிறுத்தினோம், பாலை நிறுத்தினோம், மீனைக்கூட அவித்துக் கொடுத்தோம். மாமி ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்தார். ரெண்டு மாதத்தில் 42 கிலோ 38 ஆனது. கதிரையிலிருந்து எழும்பக் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே டொக்டர்தான் இந்த முறை உண்மையாகவே ஏசினார். நெஞ்சு நோய், ஸ்ட்ரோக், சீனி ஒன்றும் இல்லாத, மெலிந்த எண்பத்திமூன்று வயது மனுசிக்கு 215ஐப் பிடித்துக்கொண்டு பட்டினி போட்டிருக்கிறீர்கள் என்றார். இந்த வயதில் புதிதாகக் கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்குவதா என்பது ஆளைப் பார்த்து எடுக்கிற முடிவு, மாமிக்கு அவர் தொடங்கவில்லை. முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள், மீன் கொடுங்கள், தசை போனால் விழுவார், விழுந்தால் இடுப்பு முறியும் என்றார். வயதான ஆளுக்குக் குளிசை இல்லாமல், உடம்பும் மெலிந்து, கொலஸ்ட்ரோல் தானாகக் குறைந்துகொண்டு போனால் அதைத்தான் தேடிப் பார்க்க வேண்டுமாம். நாங்கள் அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் என்று குரூப்பில் போட்டிருப்போம்.

82 என்ற எண்ணுக்கு வாப்பாவுக்குக் குளிசை வேண்டியிருந்தது. 215 என்ற எண்ணுக்கு மாமிக்கு முட்டை வேண்டியிருந்தது. ஒரே வீடு.

தம்பியின் கதையையும் சொன்னால் அவர் கோபிக்க மாட்டார். இத்தனைக்கும் பிறகு கட்டாரில் அவரும் டெஸ்ட் செய்து அனுப்பினார். மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.8. எங்கட 221, 232ஐப் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, "மாஷா அல்லாஹ்" என்று மூன்று பேரும் போட்டோம். அங்கே அலகு வேறு, மில்லிமோல். கொலஸ்ட்ரோல் என்றால் 38.67ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 224! ட்ரைகிளிசரைட்டுக்கு அந்தப் பெருக்கம் 88.5 அளவில். வெளிநாட்டிலிருந்து வருகிற ரிப்போர்ட்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பாருங்கள். நாற்பத்தொரு வயது, குடும்பத்தில் மாரடைப்பு, இருந்து செய்கிற வேலை. இப்ப அவரும் அங்கே டொக்டரிடம் போகிறார்.

இப்ப வீட்டில் ஆளுக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலையிலும் பேனையால் எழுதுகிறோம். எத்தனை மணித்தியாலம் சாப்பிடாமல் கொடுத்தது, அந்த நேரம் என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம். காய்ச்சல், தடிமல் இருந்தால் அதையும். கிளினிக்குக் கடைசி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போவதில்லை, முழு ஃபைலையும். டொக்டருக்கு நேரம் குறைவு, வெளியில் நூறு பேர் நிற்பார்கள், அதனால் கேட்க வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறோம்: "எங்கட வாப்பாவுக்கு எவ்வளவுக்குக் கீழ இருக்கணும்?" இந்த ஒரு கேள்வியை ஐந்து வருசம் நாங்கள் கேட்கவே இல்லை.

வாப்பாவின் எல்டிஎல் போன மாதம் 64. பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. வலது கைதான் பின்னால் நிற்கிறது. பிசியோ மிஸ் சொன்னதால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுடைய இரட்டைக் கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். முப்பது வருசம் கடைக் கணக்கு எழுதின கை, இஷாவுக்குப் பிறகு மேசையில் இருந்து அ, ஆ எழுதுகிறது. நேற்று வந்த ரிப்போர்ட்டின் மேல் தேதியைத் தானே எழுத வேண்டும் என்று பேனையை வாங்கிக்கொண்டார். பத்து நிமிசம் எடுத்தது. மாதம் விளங்குகிறது, நாள் விளங்கவில்லை. அடுத்த கிளினிக் வருகிற புதன்கிழமை.

துஆச் செய்யுங்கள்.